பேச்சு நின்ன இடம்

இது பாட்டு இல்ல தம்பி. செல்போன் பேசுது. வேகமா வெச்சிருக்கேன், அதனால வேற பாஷை மாதிரி கேட்குது உங்களுக்கு. தமிழ்தான். பழகுன காதுக்குப் புரியும். இருங்க, நிறுத்திர்றேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு நொய்நொய்னு கேட்டா யாருக்கும் எரிச்சலாத்தான் இருக்கும்.

நீங்களும் ராஜபாளையமா? அப்ப நல்லதாப் போச்சு. இறங்குறப்ப ஒரு குரல் குடுங்க. கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், ஆனா அவரு கூட்டத்துல மறந்துருவாரு.

கம்ப்யூட்டரா? அதுவும் பார்ப்பேன். பார்ப்பேன்னுதான் சொல்லுவோம், சிரிக்காதீங்க. அருப்புக்கோட்டைப் பக்கம் மேல்நிலைப்பள்ளியில வரலாறு எடுக்கிறேன். திரவியம் சார்னா பயலுகளுக்கெல்லாம் தெரியும். கேள்வித்தாள் நானே அடிப்பேன். மௌஸ் தொடுறது கிடையாது, எல்லாம் கீபோர்டுதான். நான் எதை அமுக்குறேனோ அதை அது படிச்சுச் சொல்லும். ஸ்க்ரீன் ரீடர்னு பேரு. ஆம்பளைக் குரலும் இல்ல, பொம்பளைக் குரலும் இல்ல, தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஒரு குரல். இப்ப நல்ல நல்ல குரல் எல்லாம் வந்துருச்சு. எனக்கு அந்தத் தகரக் குரல்தான் பிடிக்கும்.

டெஸ்க்டாப்னு சொல்றாங்கள்ல, உங்களுக்கு அது சுவர்ல மாட்டுன படம் மாதிரி. ஒரே பார்வையில எல்லாம் தெரிஞ்சுரும். எனக்கு அது வரிசை. ரேஷன் கடையில நிக்கிற மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்கும். அம்புக்குறியை அமுக்க அமுக்க ஒவ்வொண்ணும் தன் பேரைச் சொல்லும். பேரைச் சொல்லிட்டு, இத்தனை பேர்ல நான் இத்தனாவது ஆளுன்னும் சொல்லும். அந்த வரிசையில நிக்கிறதெல்லாம் ஷார்ட்கட்டு. கேள்வித்தாள் எங்கயோ ஏழு அடுக்குக்குள்ள கிடக்கும், அதுக்கு ஒரு குறுக்குவழி வாசல்ல நிக்கும். பேங்க்குக்கு ஒண்ணு, பாடப்புத்தகத்துக்கு ஒண்ணு.

எல்லாம் எம் மக வெச்சுக் குடுத்தது. இலக்கியா. ஒத்தப் பிள்ளை. விருதுநகர்ல காலேஜுல கம்ப்யூட்டர் படிச்சா. கண்ட்ரோல், ஆல்ட், கே அமுக்குனா கேள்வித்தாள் திறக்கும்ப்பா, பி அமுக்குனா பேங்க் திறக்கும்ப்பான்னு ஒவ்வொண்ணுக்கும் சாவி வெச்சுக் குடுத்தா. எனக்கு வெச்சுக் குடுக்கிறதுக்கு முன்னாடி மானிட்டரை அணைச்சுட்டு, கண்ணையும் மூடிக்கிட்டு, அந்தத் தகரக் குரலை வெச்சே முழுசா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பா. எங்கயாவது மாட்டிக்கிட்டா, "எங்கப்பா இந்த இடத்துல திணறுவாரு"ன்னு சொல்லிட்டு அதைச் சரி பண்ணுவா. அவ அம்மா திட்டுவா, "கண்ணு இருக்கிற பிள்ளை ஏன்டி இருட்டுல துழாவுறே"ன்னு.

அப்படி ஒரு பிள்ளை தம்பி. இப்ப என்கிட்ட பேசுறது கிடையாது.

இல்ல இல்ல, நல்லா இருக்கா. ராஜபாளையத்துலதான் இருக்கா. மாப்பிள்ளை ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு. தங்கமான மனுசன்னு எல்லாரும் சொல்றாங்க. அவகிட்டதான் இப்ப போயிக்கிட்டு இருக்கேன்.

என்னன்னா கேட்கிறீங்க. ஒண்ணும் பெரிசா இல்ல. நீங்களே கேட்டுட்டு, என் மேல என்ன தப்புன்னு சொல்லுங்க.

ஒரு ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை. காலையில உக்காந்து மாதத் தேர்வுக்குக் கேள்வி தேடிக்கிட்டு இருக்கேன். அம்புக்குறியை அமுக்கிக்கிட்டே போறேன். கேள்வித்தாள், வங்கின்னு வரிசையாச் சொல்லுது. வங்கிக்கு அடுத்தாப்ல ஒண்ணு வந்துச்சு. பேர் சொல்லல. எத்தனாவதுங்கிற எண்ணை மட்டும் சொல்லிட்டு நின்னுருச்சு. மறுபடி மேல போயிக் கீழ வந்தேன். மறுபடியும் அதேதான். பேர் இல்லாம ஒண்ணு வரிசையில நிக்குது.

எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு தம்பி. சொன்னா நம்ப மாட்டீங்க, வீட்டுக்குள்ள தெரியாத ஆளு மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி. யாருன்னு கேட்டாலும் பதில் சொல்லாம நின்னா எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

எண்டரை அமுக்கினேன். உள்ள திறந்துச்சு. அத்தனையும் போட்டோ. போட்டோவை அது பார்த்துச் சொல்லாது. இப்ப அதுவும் சொல்லுதாம், அன்னைக்குச் சொல்லாது. நம்பர் நம்பரா வாசிக்குது. ஐ.எம்.ஜி. அது இதுன்னு. எனக்கு என்ன புரியும்?

அந்த நேரம் பார்த்து ராஜகுரு வந்தான். எம் மச்சினன். வடிவு கூடப் பிறந்த தம்பி. வடிவுங்கிறது எம் வீட்டுக்காரி. செண்பகவடிவு. ராஜகுரு லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமைன்னா கறி எடுத்துக்கிட்டு வந்துருவான். ரொம்பப் பாசம். அந்தக் குடும்பமே அப்படித்தான். கண்ணு தெரியாதவனுக்கு மூத்த பொண்ணைக் குடுத்த குடும்பம் தம்பி அது. அன்னைக்கு ஊரே சிரிச்சுச்சு. அவங்க அப்பா, "வாத்தியாரு வேலை பார்க்கிறவன், ஒழுக்கமானவன், எம் பொண்ணு நல்லா இருப்பா"ன்னு சொன்னாரு. அதை நான் மறக்க முடியுமா? அவங்க வீட்டு ஆளுககிட்ட நான் எதையும் மறைச்சதில்ல.

"மாப்ள, இங்க வா. இதுல பேர் இல்லாம ஒண்ணு கிடக்கு. என்னன்னு பாரு"ன்னு கூப்பிட்டேன்.

உள்ள திறந்ததை மூடிட்டு, முதல்ல அது எப்படி இருக்குன்னு பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துட்டு, "ஒண்ணும் இல்லையே மாமா. வெறும் நீலமா இருக்கு"ன்னான்.

"வங்கின்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குக் கீழ."

"இல்ல மாமா. காலியாத்தான் கிடக்கு."

"நல்லாப் பாரு மாப்ள. இருக்கு. எனக்குக் கேட்குது."

கொஞ்ச நேரம் குனிஞ்சு பார்த்தான். மூச்சுக் காத்து என் கன்னத்துல பட்டுச்சு. அப்புறம், "அட ஆமா. ஓரத்துல எறும்பு தண்டிக்கு ஒரு அம்பு இருக்கு. நான் அழுக்குன்னு நினைச்சேன்"னான்.

அப்பதான் தெரிஞ்சுச்சு. பேருக்குப் பதிலா இடைவெளியை வெச்சு, படத்தையும் ஒண்ணும் இல்லாததா மாத்தி, ஷார்ட்கட்டுக்குன்னு வர்ற அந்தச் சின்ன அம்பைத் தவிர ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாம ஆக்கி வெச்சிருக்கா எம் மக. கண்ணு இருக்கிறவங்க யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நான்தான் ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே போறவன். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதைத்தான் நான் பின்னால ரொம்ப நாள் யோசிச்சேன். அப்பா காதுல படும்னு தெரிஞ்சே ஏன் அங்க வெச்சா? சரி, அதை விடுங்க.

அவனே மௌஸைப் பிடிச்சுத் திறந்தான். டிக், டிக், டிக்னு சத்தம். ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தியாகிக்கிட்டே போகுது.

"என்ன மாப்ள?"

"ஒண்ணும் இல்ல மாமா. காலேஜ் போட்டோ."

சேரைத் தள்ளிட்டு எந்திரிச்சான். அடுப்படிக்குப் போனான். ரெண்டு பேரும் தணிஞ்ச குரல்ல பேசுறாங்க. வடிவு கரண்டியைச் சட்டியில தட்டிக்கிட்டு இருந்தா, அந்தச் சத்தம் நின்னுருச்சு. பாத்ரூம்ல மட்டும் தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இலக்கியா குளிச்சுக்கிட்டு இருந்தா. ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்துவா, நேரமாகும்.

எனக்கு மத்தியானம்தான் சொன்னான். யாரோ ஆல்வின்னு ஒரு பையன். கூடப் படிக்கிறவனாம். வேற மதம், வேற ஆளுக. ரெண்டு பேரும் எங்கெங்கயோ நின்னு எடுத்த படமாம். நான் ஒண்ணுதான் கேட்டேன் தம்பி. "படத்துல பாப்பா சிரிச்சுக்கிட்டு இருக்காளா மாப்ள?"ன்னு கேட்டேன். "அது ஒண்ணுதான் குறைச்சல்"னான். எனக்கு என்னமோ அதைத்தான் கேட்கத் தோணுச்சு. எந்த அப்பன் கேட்பான் அந்த நேரத்துல அப்படி? மத்தவனா இருந்தா தாம்தூம்னு குதிச்சிருப்பான். நான் ஒரு வார்த்தை சத்தமாப் பேசல. எங்க வகுப்புல சாதி, சமத்துவம் பாடமெல்லாம் நான் எடுத்தா பயலுக கை தட்டுவாங்க. எனக்கு அந்தப் பையன் மேல எந்தக் கோவமும் இல்ல.

ஆனா தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கான்ல. உரிமை இருக்குல்ல. அவன் அவளோட செல்லை வாங்கி வெச்சுக்கிட்டான். காலேஜுக்கு இனிமே நான் கூட்டிட்டுப் போயிட்டு கூட்டிட்டு வர்றேன்னான். அப்புறம் காலேஜே வேணாம், பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும்னான். நான் என்ன சொல்ல?

சிவகாசி வந்துருச்சா? திருத்தங்கலா. சரி சரி.

ரெண்டாம் நாளு சாயங்காலம் அவ என் ரூமுக்கு வந்தா. அழுத மூக்கு. அது குரல்ல தெரியும். "அப்பா, நீங்க யார்கிட்டயாவது கம்ப்யூட்டரைக் காட்டுனீங்களா?"ன்னு கேட்டா.

நான் பொய் சொல்றவன் இல்ல. "பேர் இல்லாம ஒண்ணு கிடந்துச்சும்மா. என்னன்னு பார்த்துச் சொல்லச் சொன்னேன்"னேன்.

கீபோர்டைத் தள்ளி வெச்சா. அப்புறம், "என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா"ன்னா.

அவ்வளவுதான். அதுதான் அவ என்கிட்ட பேசுன கடைசி வார்த்தை.

நீங்களே சொல்லுங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பாளா? ஒளிச்சு வெச்சவ சொல்லுவாளா? அதுவும் போக, நான் என்ன, ஊரைக் கூட்டியா காட்டுனேன்? வீட்டு ஆளு. தாய்மாமன். என்னன்னு தெரியாத ஒண்ணைப் பார்த்துச் சொல்லுன்னு கேட்டேன். கண்ணு தெரியாதவன் கண்ணு தெரிஞ்சவன்கிட்ட கேட்கிறது தப்பா? தெனமும் ரோட்டுல எத்தனை பேர்கிட்ட கேட்கிறேன், இது என்ன பஸ்ஸுன்னு?

அந்தப் பையன் வீட்டுக்கு ராஜகுருவும் ரெண்டு மூணு பேரும் போயிட்டு வந்தாங்க. "பேசிட்டு வந்தாச்சு மாமா"ன்னான். எப்படிப் பேசுனாங்கன்னு நான் கேட்கல. பையன் பரீட்சைக்கே வரலன்னு பின்னால கேள்விப்பட்டேன். ஓசூர்ப் பக்கம் போயிட்டான்னு சொல்றாங்க. எங்கயாவது நல்லா இருந்தாச் சரி.

ஆடி முடியட்டும்னு காத்திருந்தாங்க. ஆவணியில முதல் முகூர்த்தம். ராஜகுரு பொண்டாட்டி வழியில சொந்தம். தாரை வார்க்கிறப்ப அவ கையை என் கையில வெச்சாங்க. சின்னதுல இருந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நான் ஊர் பூராம் நடந்தேன். எனக்கு அந்தக் கை நல்லாத் தெரியும். அன்னைக்கு அது சும்மா இருந்துச்சு. குளிரல, நடுங்கல, என்னைப் பிடிக்கவும் இல்ல. கடையில துணி எடுத்து விரிச்சுக் காட்டுவாங்கள்ல, அப்படி விரிஞ்சு கிடந்துச்சு.

தலைதீபாவளிக்கு வந்தாங்க. வீடு நிறைய ஆளுக. அவ சத்தம் கேட்குது. அம்மாகிட்ட பேசுறா, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசுறா, சிரிக்கக்கூட சிரிக்கிறா. நான் ரூமுக்குள்ள காலை வெச்சேன்னா, பேச்சு நின்னுரும். ரேடியோவை அணைச்ச மாதிரி. பேச்சு எந்த இடத்துல நின்னுச்சோ அந்த இடத்துல அவ இருக்கான்னு நானாத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்.

தம்பி, கண்ணு தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட மக பேசாம இருந்தா அது கோவம். அவன் முகத்தைப் பார்த்துக்குவான். சாப்பிடுறாளா, இளைச்சிருக்காளான்னு தெரிஞ்சுக்குவான். என்கிட்ட பேசாம இருந்தா அது கோவம் மட்டும் இல்ல. அவ இல்லாமலே போயிர்றா. கொலுசைக் கழட்டி வெச்சுட்டா. வளையலை முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுக்கிட்டா போல, அதுவும் குலுங்கல. என் பக்கத்துல நடந்து போனா காத்து மட்டும் வரும். மல்லிப்பூ வாசம் வரும். என் தட்டுல திடீர்னு இன்னொரு கரண்டி சோறு விழும். யாரு வெச்சான்னு கேட்டா பதில் வராது. உயிரோட இருக்கிற பிள்ளை, என் வீட்டுலயே, பேயி மாதிரி.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்தப்ப, மத்தியானம், ஹால்ல உக்காந்திருந்தேன். எதிர் சேர் லேசாக் கிரீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. அவ வந்து உக்காந்திருக்கான்னு நினைச்சேன். மனசுல இருந்ததெல்லாம் சொன்னேன் தம்பி. "பாப்பா, உன் நல்லதுக்குத்தான்"னேன். "மாமா மேல கோவப்படாதே"ன்னேன். "ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டிரு, பதிலே சொல்ல வேணாம்"னேன். ரொம்ப நேரம் பேசினேன். வடிவு உள்ளருந்து வந்தா. "யார்கிட்டங்க பேசுறீங்க? அவ அப்பவே கோயிலுக்குப் போயிட்டா"ன்னா.

அப்ப அந்தச் சேர்ல யாரு உக்காந்திருந்தா? வெயிலுக்கு மரம் சத்தம் போட்டிருக்கும்னா வடிவு. இருக்கலாம்.

ஆனா இதைக் கேளுங்க. அந்தத் தலைதீபாவளி முடிஞ்சு அவங்க கிளம்பிப் போனாங்கள்ல, மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தா, ஸ்க்ரீன் ரீடர் புதுசா இருக்கு. ரொம்ப நாளா அதைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, எனக்குப் பண்ணத் தெரியாம விட்டிருந்தேன். கேள்வித்தாள் ஷார்ட்கட்டு செத்துக் கிடந்துச்சு. அமுக்குனா, அந்த இடம் மாறிப் போச்சுன்னு சொல்லும். அன்னைக்கு அமுக்குறேன், டக்குன்னு திறக்குது.

"வடிவு, யாரு கம்ப்யூட்டரைத் தொட்டது?"ன்னேன்.

"யாரும் தொடலையே"ன்னா. அவளுக்குத் தெரியல. நான் குளிக்கிற நேரமோ என்னமோ பார்த்துப் பண்ணியிருக்கா.

பொங்கலுக்கு வந்துட்டுப் போனதுக்கு அப்புறமும் அப்படித்தான். புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு, "மருந்து நேரம்"னு. எனக்குப் பிரஷர் வந்துருச்சுன்னு வடிவு போன்ல சொல்லியிருப்பா போல. திறந்தா எந்த மாத்திரை எப்பன்னு தகரக் குரல் வாசிக்குது. பேசாத பிள்ளை இதை எதுக்குப் பண்ணுது? வரிசையில நிக்கிற ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், எங்கயாவது வேற ஏதாவது மாத்தியிருக்காளான்னு.

அதுக்கப்புறம் நான் ஒரு வேலை பண்ணுவேன். சொன்னா சிரிப்பீங்க. அவ வரப் போறான்னு தெரிஞ்சா, முதல் நாளே உக்காந்து எல்லா ஷார்ட்கட்டையும் அழிச்சிருவேன். வங்கி போச்சு, பாடநூல் போச்சு. வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அவ காதுல விழுற மாதிரி, "என்ன எழவோ வடிவு, கம்ப்யூட்டர்ல ஒண்ணையும் காணோம், நாளைக்குக் கேள்வித்தாளு குடுக்கணும்"னு சத்தமாப் புலம்புவேன். அவ ஊருக்குப் போனதும் போயித் திறப்பேன். எல்லாம் திரும்ப வந்து வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் அதே சாவி, அதே கே, அதே பி. ஒவ்வொண்ணா அமுக்கிக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். வாத்தியாரு இப்படிப் பண்ணலாமான்னா, பண்ணலாம். வேற வழி?

ஒண்ணை மட்டும் நான் அழிச்சதில்ல. அந்தப் பேர் இல்லாததை. போட்டோ எல்லாத்தையும் ராஜகுரு அன்னைக்கே அழிச்சுட்டான். ஆனா அந்த ஷார்ட்கட்டை அவன் விட்டுட்டான், அவன் கண்ணுக்கு அது அழுக்குதானே. அது மட்டும் நிக்குது, எதுக்கும் போகாத ஒரு வழி. தெனம் காலையில ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை அமுக்குவேன். அந்த இடம் இல்லைன்னு சொல்லும். சரின்னு அமுக்கிட்டுக் கிளம்புவேன். ஏன்னு கேட்காதீங்க, எனக்கே தெரியாது.

போன ஆடிக்கு வந்திருந்தா. நான் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பி, தெருமுனை வரைக்கும் போயிட்டு, செருப்பை வாசல்லயே கழட்டிட்டு மெதுவா உள்ள வந்தேன். என் ரூமுல இருந்து சத்தம் வருது. தகரக் குரல்.

கேட்டுப் பாருங்க இதை. அவளுக்குக் கண்ணு இருக்கு. மௌஸை நகர்த்திச் சத்தமில்லாம ஒரு நிமிஷத்துல எல்லாத்தையும் பண்ணிட்டுப் போயிருக்கலாம். அவ அதை விட்டுட்டு, நான் அழிச்சதையெல்லாம் திரும்ப வெச்சதுக்கு அப்புறம், நான் கேட்கிற வேகத்துலயே, அந்தக் குரலை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா நகர்ந்து போறா. கேள்வித்தாள். வங்கி. நான் கதவுக்கு வெளிய சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவ விரல் ஒரு தடவை அமுங்கும், அது ஒரு வார்த்தை பேசும். அவ அமுக்காம அது பேசாதுல்ல? அப்ப அது யாரு பேசுற பேச்சு? நான் அப்படித்தான் நினைச்சேன். எம் பிள்ளை வாயில இருந்து வர்ற மாதிரி நினைச்சுக்கிட்டேன்.

வங்கிக்கு அடுத்தாப்ல வந்தா. பேர் வரல. எண்ணை மட்டும் சொல்லிட்டு நின்னுச்சு. அவளும் அங்கயே நின்னுட்டா. ஃபேன் சுத்துற சத்தம் மட்டும் கேட்குது.

எனக்குப் பொறுக்க முடியல. உள்ள போயி, "பாப்பா, அதை நான் அழிக்கல"ன்னேன். "மாமா எல்லாத்தையும் அழிச்சான். நான் அதை அழிக்கவே இல்ல"ன்னேன்.

அவ அசையல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி நாக்கு பிரியிற சத்தம் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. நான் இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சேன். கை நீட்டினேன். அந்த நேரம் நான் சும்மா இருந்திருக்கலாமோ என்னமோ, வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே. "மாமா நல்லதுக்குத்தான் பண்ணுனான், இப்ப நீ நல்லா இல்லையா?"ன்னேன்.

ஒரு சாவி அமுங்குச்சு. தகரக் குரல், "இதை நிச்சயமாக நீக்க வேண்டுமா?"ன்னு கேட்டுச்சு. "ஆம்"னு சொல்லுச்சு. எண்டர் விழுந்துச்சு. அப்புறம் என்னைத் தாண்டி காத்து போச்சு. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் தீபாவளிக்கு வந்தா. நான் வழக்கம் போல எல்லாத்தையும் அழிச்சு வெச்சிருந்தேன். சத்தமாப் புலம்பினேன். அவங்க போனதும் போயித் திறந்தேன். அம்புக்குறியை அமுக்கினேன். குப்பைத்தொட்டின்னு மட்டும் சொல்லுச்சு. ஒண்ணே ஒண்ணு. மறுபடி அமுக்கினேன், மறுபடியும் குப்பைத்தொட்டி. வரிசையில வேற ஆளே இல்ல.

வீட்டுல பேய் இருந்தா, அது போகணும்னு எல்லாரும் வேண்டிக்குவாங்க. போயிருச்சு தம்பி. நான் அந்தக் காலி வரிசையில மேலயும் கீழயும் எவ்வளவு நேரம் அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேனோ. வடிவு வந்து என் கையைப் பிடிச்சு எடுத்து விட்டா.

ஸ்கூல்ல ஒரு டீச்சர் இப்ப வேலைக்கு வேண்டியதை மட்டும் வெச்சுக் குடுத்திருக்காங்க. சாவி எல்லாம் வேற. கையி இன்னும் பழைய சாவிக்குத்தான் போகுது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிருச்சா? சரி, இனி கொஞ்ச தூரம்தான்.

அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பொம்பளைப் பிள்ளை. முதல் பிரசவம் அம்மா வீட்டுலதானே பார்ப்பாங்க? வரமாட்டேன்னுட்டா. வளைகாப்புப் போட்டுக் கூப்பிடப் போனாங்க, அங்கயே இருந்துக்கிறேன்னுட்டா. மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க? வடிவுதான் துணியை எடுத்துக்கிட்டு அங்க போயிக் கிடக்கா. நான் ஹோட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

நேத்து வடிவுக்குப் போன் போட்டேன். "நான் வரட்டா?"ன்னேன்.

"உங்களை வர வேணாம்னு அவ சொல்லலைங்க"ன்னா.

"வரச் சொன்னாளா?"

"அதுவும் சொல்லல."

"பக்கத்துல இருக்காளா? குடேன் போனை."

பின்னால பச்சைப் பிள்ளை சிணுங்குற சத்தம் கேட்டுச்சு. யாரோ "ச்சு ச்சு"ங்குறாங்க. அது வடிவு குரல் இல்ல. நான் மூச்சை அடக்கிக்கிட்டுக் கேட்டேன். அப்புறம் வடிவுதான் பேசுனா. "அவ பால் குடுத்துக்கிட்டு இருக்கா, அப்புறம் பேசுவா"ன்னா. சரின்னு வெச்சுட்டேன். காலையில முதல் வேலையா ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். சொல்லாமத்தான் வந்திருக்கேன்.

இல்ல, மடியில கொண்டு வந்து போடுவாங்க. பிள்ளையை என் கையில குடுப்பாங்க. அதெல்லாம் குடுப்பாங்க. தாத்தன்தானே. யாரு கொண்டு வந்து குடுக்கிறான்னுதான் எனக்குத் தெரியாது. வடிவா, அவளா, சம்பந்தியா. கையில பிள்ளை வந்து விழும், அவ்வளவுதான். அவ அந்த ரூமுல இருக்காளா, என்னைப் பார்க்கிறாளா, முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கிறாளா. வடிவைக் கேட்டா, "நல்லாத்தான் இருக்கா, நல்லாத்தான் இருக்கா"ன்னு அதையே சொல்லுவா. அவ சொல்றதை வெச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது.

வந்துருச்சா? இதுதானா? இருங்க, கம்பை எடுத்துக்கிறேன்.

தம்பி, உங்களுக்கு அவசரமா வேலை ஒண்ணும் இல்லையே? வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான், ஒரு ஆட்டோ பிடிச்சாப் போதும். திரும்ப நானே உங்களைக் கொண்டாந்து விடச் சொல்றேன். உள்ளகூட வர வேணாம். வாசல்லயே நில்லுங்க, வழி காட்ட வந்த ஆளுன்னு சொல்லிக்கிறேன். உங்க குரலே நல்ல மனுசன் குரலாத்தான் இருக்கு. அவ என்கிட்ட பேச மாட்டா. நீங்க அவ முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்து, எப்படி இருக்குன்னு என் காதுல சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம். அவளுக்குத் தெரியாமப் பார்த்துச் சொன்னாப் போதும்.

நான் வேற யார்கிட்டப் போயிக் கேட்பேன், சொல்லுங்க?